கொக்குக்குக் கட்டிய காப்பு

1

ஒவ்வொரு தை மாதமும், ரங்கூனில் இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் போய் நிற்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. எதற்காக இந்த நாட்டில் தங்குகிறீர்கள் என்பார்கள். கணவர் இங்கே இருக்கிறார் என்பேன். முத்திரை குத்தித் தருவார்கள். இந்த வருஷமும் அதையேதான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது மனசுக்குள் வந்து நின்றவர் என் வீட்டுக்காரர் இல்லை, பாவம். ஆள் உயரத்தில், சிவந்த தலையோடு ஒரு பறவை வந்து நின்றது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் மானியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அப்பா பட்டுக்கோட்டையில் வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். எங்கள் வீட்டில் மானியம் என்ற சொல் உப்பு புளி மாதிரி தினமும் புழங்கும். மானியத்தில் விதை, மானியத்தில் தெளிப்பான், மானியத்தில் தார்ப்பாய். சிட்டா நகல் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சாயங்காலம் எங்கள் வாசலுக்கே வந்துவிடுவார்கள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே போய், "நாளைக்கு வாங்கய்யா, பாத்துக்கலாம்" என்பார். மானியம் என்றால் எதையாவது வாங்கவேண்டும், எதையாவது செய்யவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும்.

அதனால் போன ஆனியில் அஞ்சலை போன் செய்தபோது நான் நம்பவில்லை. அஞ்சலை என் வீட்டுக்காரரின் தங்கை. நாங்கள் ரங்கூனில் தாகேதாவில் இருக்கிறோம். அவர் அலோன் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை பார்க்கிறார். அஞ்சலை இருப்பது மேற்கே, ஐராவதி டெல்டாவில், மௌபின் தாண்டி ஒரு சிற்றூரில். புருஷன் செத்த பிறகும் நிலத்தை விடாமல் தானே நின்று நெல் வைக்கிறாள். அடையாள அட்டையில் அவள் பெயர் மா மியா சேன்; இளையவர்கள் மரியாதையாக டோ மியா சேன் என்பார்கள். இங்கே தமிழர் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது சாதாரணம்.

"அண்ணி, வயல்ல எறங்காம சும்மா இருந்தா கவருமெண்டு காசு குடுக்குதாம்" என்றாள்.

"எவன் சொன்னான்? போன்ல நம்பர் ஏதும் கேட்டானா? குடுத்துத் தொலைக்காதே."

"போன்ல இல்ல அண்ணி. ஆபீஸ் சயாமா நேர்ல வந்துச்சு. கீழ் வயல்ல ஜோஜா கூடு கட்டியிருக்குல்ல, அதுக்கு."

சயாமா என்றால் டீச்சரம்மா. இங்கே படித்த பெண் அதிகாரிகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஜோஜா என்றால் கொக்கு வகை. கொக்குக்கு மானியமா என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அஞ்சலை சிரிக்கவில்லை. "ஆடிக்கு வருவீங்கல்ல, வந்து பாருங்க. அப்புறம் சிரிங்க" என்றாள்.

2

ஆடி வெள்ளிக்கு முந்தைய நாள் நானும் மகள் நிலாவும் கிளம்பினோம். தாகேதாவிலிருந்து லைங் தாயாவுக்கு ஒரு பஸ். காலையில் அந்தப் பக்கம் போனால் தையல் ஆலைப் பெண்கள் தூக்குச்சட்டியோடு நிறைந்து நிற்பார்கள். அங்கிருந்து டெல்டா பஸ். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி அட்டையைப் பார்ப்பார்கள். என்னுடையது வெளிநாட்டவர் அட்டை என்பதால் பஸ் முழுக்க எனக்காகக் காத்திருக்கும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அந்தப் பொறுமைக்கே இந்த மக்களுக்குக் கோயில் கட்டலாம்.

நிலா பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டு வந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். சண்டை போடுவதற்கு அது தாராளமாகப் போதும். அவள் தோழிகளில் பாதிப்பேர் பாங்காக்கில் வேலைக்குப் போய்விட்டார்கள். இவளும் அங்கே போகத் தாள்களுக்காகக் காத்திருந்தாள். என் பர்மியம் அவளுக்குப் பெரிய வேடிக்கை. இங்கே 'சா' என்று குரலை நீட்டினால் சாப்பிடு. இறக்கிச் சொன்னால் எழுத்து. வெடுக்கென்று நிறுத்தினால் தொடங்கு. ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நான் எல்லாவற்றையும் கலந்து சொல்ல, அவர் பேனாவைத் தேடினார். நிலா அதை இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

மத்தியானம் அஞ்சலை எங்களை வரப்புக்குக் கூட்டிப் போனாள். நான் நம் ஊர்க் கொக்கை நினைத்துக்கொண்டு போனேன், குளத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே அதை. பச்சை நெல்லுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று பட்டது. அந்த 'யாரோ' கழுத்தைத் திருப்பினார். எனக்குக் கால் நின்றுவிட்டது. என் உயரம் இருக்கும் அது. தலையும் கழுத்தின் மேல்பாதியும் குங்குமம் அப்பினாற்போல ரத்தச் சிவப்பு. சற்றுத் தள்ளி இன்னொன்று நெல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. அது எழுந்ததும் இரண்டும் அலகை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு சேர்ந்து கூவின. ஒன்று தொடங்க, மற்றது இடையில் வாங்கிக்கொண்டது. சத்தம் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. சாமி ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது.

"இப்பச் சிரிங்க" என்றாள் அஞ்சலை.

பெரியவர்கள் இதைச் சாரசக் கொக்கு என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் நெல்வயலுக்குள் தண்ணீரில் புல்லையும் நாற்றையும் பிடுங்கிக் குவித்து மேடு கட்டி முட்டை இடும். அதனால் நல்ல வயலில் ஒரு துண்டு வீணாகும். முன்பெல்லாம் விரட்டிவிடுவார்கள், சிலர் முட்டையை எடுத்துவிடுவார்கள். இப்போது அரசாங்கம் சொல்வது இதுதான்: கூட்டைச் சுற்றி நிலத்துக்காரர் யாரையும் விடக்கூடாது, தானும் இறங்கக்கூடாது, களை எடுக்கக்கூடாது, உரம் போடக்கூடாது. குஞ்சு பொரித்து உயிரோடு இருந்தால் நிலத்துக்காரருக்குப் பணம். பொரிக்காவிட்டால் ஒன்றும் கிடையாது.

அஞ்சலை கீழ் வயலில் பாதியை அப்படியே விட்டுவிட்டாள். அவளுக்கு இருப்பதில் நல்ல மண் அதுதான். பணம் வராமல் போனால் அடுத்த நடவுக்கு வழியில்லை. மீன்குட்டை வெட்டுகிறவன் ஒருவன் ஏற்கனவே இரண்டுமுறை வந்து நிலத்தைக் கேட்டுவிட்டுப் போயிருந்தான். குட்டை வெட்டிய நிலம் திரும்ப வயலாகாது. கூட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன. அவள் நிலம் அந்த இரண்டு முட்டைமேல் நின்றது.

3

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் தமிழ் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆடிக்குக் காப்புக் கட்டுவார்கள். மத்தியானம் நான் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அஞ்சலை இடுப்புவரை நனைந்த லுங்கியோடு வந்தாள். முகம் அப்படிப் பூரித்துக் கிடந்தது.

"அண்ணி, ஆத்தா பேரச் சொல்லி ஜோஜாவுக்குக் காப்புக் கட்டிட்டேன். இனிமே ஒரு கொறையும் வராது."

"எங்கேடி கட்டினே, கால்லயா?"

"கால்ல கட்ட விடுமா அது? கூட்டுக்குப் பக்கத்துல மூங்கில் நட்டு, மஞ்சத்துணி கட்டினேன். தேங்கா ஒடச்சேன். சூடம் காட்டினேன்."

என் கையில் மாவு அப்படியே இருந்தது. நான் ஓடினேன். நிலா எனக்கு முன்னால் ஓடினாள்.

கூட்டுக்கு ஒரு கை தூரத்தில் மூங்கில் நின்றது. உச்சியில் மஞ்சள் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கூட்டில் பறவை இல்லை. இரண்டும் தூரத்து வரப்பில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்று நாலு அடி வரும். துணி அடிக்கும். அது திரும்பிப் போகும். வெள்ளை முட்டைகள் திறந்து கிடந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது.

"அவுத்துடு அஞ்சலை" என்றேன்.

"என்ன அண்ணி பேசுறீங்க? கட்டுன காப்ப நடுவுல அவுக்குறதா?"

உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. காப்புக் கட்டினால் எடுத்த காரியம் முடியும்வரை அவிழ்க்கக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது, கவுச்சி தொடக்கூடாது. இதில் விளையாடினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பறவையைக் காப்பாற்றத்தான் அவள் அந்தத் துணியைக் கட்டினாள். அந்தத் துணிதான் பறவையை விரட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் வந்த கோபத்தில் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது.

நேரம் போயிற்று. ஒரு காக்கை வந்து மூங்கில் உச்சியில் உட்கார்ந்து குனிந்து முட்டைகளைப் பார்த்தது. கத்தி விரட்டினால் கொக்குகள் பறந்துவிடும், விரட்டாவிட்டால் காக்கை இறங்கிவிடும். அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு, "ஆத்தா, நா என்ன பண்ணட்டும், நா என்ன பண்ணட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது நிலா பேசினாள். தமிழில் பேசினாள். தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

"அத்தை, காப்பு கட்டினா எங்கயும் போகக் கூடாது. சரிதானே?"

"ஆமா."

"மூங்கில் எங்க போகும்? அதுக்கு எதுக்குக் காப்பு? போறது நம்ம எல்லாம்தானே?"

அஞ்சலை அவளையே பார்த்தாள். பிறகு லுங்கியை ஏற்றிக் கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து தண்ணீரில் இறங்கினாள். நிமிர்ந்து நடக்கவில்லை, குனிந்து, நெல்லோடு நெல்லாகப் போனாள். காக்கை எழும்பிப் பறந்தது. மூங்கிலில் கை வைக்குமுன் ஒருதரம் கும்பிட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். துணியைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கினாள். மூங்கிலைப் பிடுங்கித் தண்ணீருக்குள் படுக்கப்போட்டுவிட்டு வந்தாள்.

"இது பறக்குறவரைக்கும் நா இந்த ஊரத் தாண்ட மாட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்று பேரும் வரப்போர வாழைமரங்களுக்குப் பின்னால் ஈரத்தில் உட்கார்ந்தோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது பெரிய கொக்கு நடக்க ஆரம்பித்தது. ஒரு காலைத் தூக்கும், யோசிக்கும், வைக்கும். கூட்டருகே வந்து நின்றது. தலையைச் சாய்த்து முட்டைகளைப் பார்த்தது. பிறகு அந்த நீள அலகால் முதல் முட்டையை மெல்லப் புரட்டியது, இரண்டாவதையும் புரட்டியது. கால்களை மடித்து, அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சின்னப் பொருளின்மேல் இறக்கியது. நான் அழுதுவிட்டேன். நிலா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அப்படி வைத்துப் பல வருஷமாயிற்று.

4

ஒரு முட்டைதான் பொரித்தது. மற்றது கூழ்முட்டையாகிவிட்டது. அந்த மத்தியான மழையாலா, இயற்கையாகவே அப்படியா என்று யாருக்கும் தெரியாது. அஞ்சலை மட்டும் தன் கையைத்தான் குற்றம் சொன்னாள்.

காப்பை அவள் அவிழ்க்கவில்லை. மீன்கருவாட்டு விழுது இல்லாமல் சட்டி அடுப்பேறாத நாட்டில் மாதக்கணக்கில் கவுச்சி தொடாமல் இருந்தாள். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்று நான் போன் செய்தபோதும், "நீங்க பாத்துக்குங்க அண்ணி, என்னால எல்ல தாண்ட முடியாது" என்றுதான் சொன்னாள். அவருக்கு வருத்தம்தான். "என்னைவிடக் கொக்கு பெரிசாப் போச்சு" என்று முனகிக்கொண்டு கஞ்சியைக் குடித்தார்.

வம்பு அப்புறம்தான் வந்தது. குஞ்சு பொரித்தாயிற்று, உரிமையாளர் நேரில் வந்து அதிகாரி முன் கையெழுத்துப் போட்டுப் பணம் பெறவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அலுவலகம் இருப்பது டவுனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அஞ்சலை ஊரைத் தாண்டமாட்டாள். மீன்குட்டைக்காரன் இந்தச் செய்தி தெரிந்ததும் மூன்றாம் முறையாக வந்தானாம், கையில் பழச்சீப்போடு.

நான் போனேன். வேளாண்மை அலுவலக எழுத்தர் மகள் இல்லையா, அந்தத் திமிர் எங்கே போகும். கூட்டைப் பார்க்க வந்த அதே சயாமாதான் இருந்தாள். மா திடா என்று பெயர். நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த சாந்து, கசங்காத சட்டை.

"உரிமையாளர்தான் வரவேண்டும், அம்மா" என்றாள் மரியாதையாக.

காப்பை என் பர்மியத்தில் விளக்கினேன். எத்தனை சொல்லைக் கொலை செய்தேனோ தெரியாது. அவள் பொறுமையாகக் கேட்டாள். புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும், "விதி இது, நான் என்ன செய்யட்டும்?" என்றாள். அப்பாவின் அலுவலகத்து வாசலில் நின்றவர்கள் எல்லாரும் எனக்குள் ஒருமுறை நிமிர்ந்து நின்றார்கள்.

"மகளே, நீங்கள் பணம் கொடுப்பது கூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கா, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பதற்கா?"

அவள் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்து, இன்னொரு வழியும் இருக்கிறது என்றாள். அதிகாரி நேரில் போய், உரிமையாளரும் குஞ்சும் ஒன்றாக இருக்கும் படம் எடுத்து வைத்தால் போதும். வண்டி இல்லாததால் யாரும் அப்படிப் போனதில்லை. குடையை எடுத்துக்கொண்டு என்னோடு படகேறினாள்.

வரப்புக்கு வந்தோம். தாயும் தகப்பனும் நெல்லுக்கு மேலே தலை தெரிய நடந்தன. அவற்றின் காலடியில் இடைவெளி கிடைத்தபோது தவிட்டு நிறத்தில் ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. தாய் எதையோ பிடித்து அலகு நுனியில் நீட்ட, அது தாவி வாங்கியது. பிறகு மூன்றும் எங்கள் பக்கம் திரும்பின. பெரியவை இரண்டும் அலகை மேலே தூக்கிக் கூவின. பக்கத்தில் மா திடா குனிவது தெரிந்தது. போனை எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றி வரப்போரம் வைத்தாள், பகோடா வாசலில் கழற்றுவதுபோல. சேற்றில் வெறுங்காலோடு நின்றாள். அஞ்சலை அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

படகு பாதி ஆறு போனபிறகுதான் மா திடா தலையில் அடித்துக்கொண்டாளாம். படம் எடுக்கவில்லை.

5

அதற்கப்புறம் மா திடா இரண்டு முறை வந்தாள். ஒருமுறை மழை கொட்டிற்று. மறுமுறை நெல் உயர்ந்துவிட்டது, குஞ்சு அதற்குள் மறைந்து சுற்றியது. அஞ்சலை நாள் முழுக்க வரப்பில் நின்றும் அது தலை காட்டவில்லை. படம் இல்லாமல் பணம் இல்லை. அந்த வருஷக் கோப்பை மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மீன்குட்டைக்காரன் முன்பணத்தோடு வந்து ஆசை காட்டினான். அஞ்சலை வேண்டாம் என்று சொல்லவில்லை, பொறு என்றுதான் சொன்னாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நின்றபோது நானும் நிலாவும் மறுபடி போனோம். மார்கழிப் பனி. நிலாவுக்குப் பாங்காக் போகத் தாள்கள் வந்துவிட்டன. அத்தையிடம் சொல்லிக்கொள்ள வந்திருந்தாள். மா திடாவும் கடைசி முயற்சியாக வந்தாள். இப்போது குஞ்சு ஒளிய இடமில்லை. மூன்றும் வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. குஞ்சு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, என் மார்புவரை வளர்ந்து நின்றது.

"டோ மியா சேன், இங்கே நில்லுங்கள். முகம் தெரியவேண்டும். பின்னால் பறவை தெரியவேண்டும்" என்று மா திடா போனைப் பிடித்தாள். அஞ்சலை லுங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நிலாவும் நானும் பக்கத்தில் போய் நின்றோம், கேட்காமலேயே.

தகப்பன் ஓட ஆரம்பித்தது. தாய் கூடவே ஓடியது. இளசு நாலு அடி தடுமாறி ஓடி நின்றுவிட்டது. நாங்கள் திரும்பிவிட்டோம். பெரியவை மேலே எழும்பி, வட்டமடித்து, கூவின. இளசு மறுபடி ஓடியது. கால் தரையைத் தட்டியது, மறுபடி தட்டியது, அப்புறம் தட்டவில்லை. எங்கள் தலைக்கு மேலே வந்தபோது இறக்கை அடிக்கும் காற்று முகத்தில் பட்டது. அஞ்சலை "ஆத்தா" என்றாள். மணிக்கட்டில் துணி வெளுத்துத் திரிதிரியாகத் தொங்கியது. மேலே பார்த்தபடியே இடக்கையால் அதை அவிழ்த்தாள்.

அந்தப் படம்தான் கோப்பில் இருக்கிறது. மா திடா எனக்கும் அனுப்பினாள். அதில் பறவை இல்லை, வால் இறகுகூட இல்லை. அஞ்சலை, நிலா, நான், மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து நிற்கிறோம். படமே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, எடுத்தவளும் மேலேதான் பார்த்திருக்கிறாள். மேலதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் தேடினாராம். பறவை எங்கே என்று கேட்டாராம்.

"இவர்கள் முகத்தைப் பாருங்கள், சார்" என்றாளாம் மா திடா.

அவர் பார்த்தாராம். கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.